படகு கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். இவ்விரண்டையும் நாம் ஒருவாறு செய்து பார்த்துவிட்டோம். வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருஷம் பாக்கி இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றியோ, இந்தக் கட்டுரையை நமது சகதர்மிணி படிக்கப் போகிறாள் என்பதால், "பரம திருப்தி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஆனால், "வீட்டிலே படகு கட்டிப் பார்" என்று ஏன் அந்தப் பெரியவர்கள் சொல்லவில்லை என்பது சமீபத்திலேதான் நமக்கு விளங்கிற்று. வீடும் கல்யாணமும் ஆரம்பித்த பிறகுதான் மனிதனைப் படுத்துகின்றன. படகோ, ஒரு பலகையில் ரம்பத்தை வைப்பதற்கு முன்பே படுத்தத் தொடங்கிவிடுகிறது.

நேயர்கள் அவசரப்பட வேண்டாம். நமது படகு இன்னும் உருவாகவில்லை. ஏழு மாத காலமாக ஆயத்தம் செய்து வருகிறோம். அந்த ஆயத்தத்தின் கதைதான் இது.

நாம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயர். வயது 46. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள சர்வகலாசாலைப் பட்டங்கள் இரண்டு உண்டு. ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானால் ஆளை வரவழைப்பதுதான் இதுவரையில் நம் குடும்ப சம்பிரதாயம். 19 வருஷமாக ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நடத்தி வருகிறோம். திரவத்தில் அமிழும் பொருள், தான் விலக்கும் திரவத்தின் எடைக்குச் சமமாக மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பதை, நடு நிசியில் எழுப்பிக் கேட்டாலும் பிழையின்றி ஒப்பிப்போம். இவ்வளவு தெரிந்த நாம், காகிதக் கப்பலுக்கு மேற்பட்டு மிதக்கக் கூடிய எந்த வஸ்துவையும் நம் கையால் செய்ததில்லை. இது ஒரு குறையாக நமக்குத் தோன்றியதும் இல்லை. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி இரவு வரையில்.

* * *

நமது ஜாகை தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றின் கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு நகரில் இருக்கிறது. அந்த நாளில் பெய்த மழையைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். மாலையில் வாசற்படியைத் தொட்ட தண்ணீர், இரவு பத்து மணிக்குக் கீழ்க் கூடத்து அலமாரியின் மூன்றாவது தட்டுக்கு வந்துவிட்டது. மின்சாரம் போயிற்று, டெலிபோனும் போயிற்று. குழந்தையையும் அரிசி டின்னையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம்.

எதிர் வீட்டு மாடியில் ஒரு டார்ச்சு விளக்கு அசைந்தது. ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் அந்த வீட்டில் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில். பெரியவருக்கு மூச்சுத் திணறல் கண்டுவிட்டது. அந்த அம்மாள் மழைச் சத்தத்துக்கு மேலே குரலெழுப்பி நம்மைக் கூப்பிட்டார்.

அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருந்தது நாற்பதடித் தண்ணீர். நமக்கு நீந்தத் தெரியாது. வீட்டில் மிதக்கிற பொருளாக ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் மாத்திரம் நன்றாகத் தெரியும். "பொழுது விடியட்டும், அம்மா! யாராவது வருவார்கள்!" என்று பதிலுக்குக் கத்தினோம். இரவு முழுவதும் அந்த டார்ச்சு வெளிச்சம் அவ்வப்போது நம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அணைந்துகொண்டிருந்தது.

மறு நாள் மத்தியானம் யாரோ வரத்தான் வந்தார்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெரு முனையில் இறக்கித் தள்ளிக்கொண்டு வந்த மீனவ இளைஞர்கள் மூன்று பேர். பெரியவரை நாற்காலியோடு இறக்கிப் படகில் வைத்தார்கள். நாம் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கேட்டார்கள்.

பெரியவர் நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் காலமானார். முந்திய இரவே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று வைத்தியரை நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

பிறகு எட்டு வருஷம் ஓடிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. இந்தத் தடவை இடுப்பளவோடு நின்றுவிட்டது, யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் இரவு எதிர் மாடியில் அதே டார்ச்சு விளக்கு எரிந்தது. இப்போது அந்த அம்மாள் மட்டுந்தான். அவர் நம்மைக் கூப்பிடவில்லை. வெளிச்சம் ஒரு தடவை நம் பக்கம் திரும்பிற்று, அணைந்தது.

அன்றிரவுதான் நாம் படகு கட்டுவதென்று தீர்மானித்தோம்.

* * *

தீர்மானித்தது டிசம்பரில், வாய் திறந்து வீட்டில் பிரஸ்தாபித்தது அதற்கு வெகு காலம் கழித்து. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வரலாற்றிலிருந்து பேச்சை ஆரம்பித்தோம். நமது சகதர்மிணி சாவதானமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவர்கூட 'கலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை விலைக்குத்தானே வாங்கினார்? உட்கார்ந்து இழைத்துக் கட்டவில்லையே! நீங்களும் ஒரு ரப்பர் படகை விலைக்கு வாங்கிவிட்டால் போகிறது" என்றாள்.

நியாயமான கேள்வி. ரப்பர் படகு முள்வேலியில் பட்டால் கிழிந்துவிடும் என்றோம். அது உண்மையான பதில் அல்லவென்று அவளுக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. உண்மையான பதிலை அப்போது நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்ன மாதிரிப் படகு என்று தேடப் புகுந்தபோது ஓர் ஆச்சரியமான விஷயம் தெரியவந்தது. சாதாரணக் குடும்பஸ்தர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டிக்கொள்ள வழி செய்தது 'மிரர்' என்னும் ஒரு சிறு படகு. இங்கிலாந்தில் 1963-ஆம் வருஷத்தை ஒட்டி ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்ற இருவர் வகுத்த அமைப்பு அது. ஒரு பத்திரிகையின் ஆதரவில் வெளிவந்ததால் அந்தப் பத்திரிகையின் பெயரே படகுக்கும் வாய்த்தது. பதினோரடிக்குச் சற்றுக் குறைந்த நீளம். ஒட்டுப்பலகையை வடிவமாக அறுத்து, ஓரங்களில் சிறு துவாரங்கள் இட்டு, செப்புக் கம்பியால் பலகையோடு பலகையைத் தைத்துவிட வேண்டியது. பிறகு மூட்டுகளில் பிசினைப் பூசிக் கண்ணாடி நார்ப் பட்டையை ஒட்டிவிட்டால் படகு தயார். பெரிய சட்டங்களும் தச்சுப் பொருத்தும் வேண்டியதில்லை. தையல் தெரிந்தால் போதும்.

"இதென்ன புதுசு?" என்று நமது கடற்கரையைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளியே நிற்கும். பெரிய துரைகளும் அவர்களுடைய பெட்டிகளும் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வந்தது மசூலாப் படகில். அதில் ஓர் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையின் அறையில் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு நெளிந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். 2025-ஆம் வருஷம் நமது கடற்படை 'கௌண்டின்யா' என்னும் கப்பலைக் கார்வாரில் சேர்த்துக்கொண்டதே, அதுவும் அஜந்தாச் சித்திரம் ஒன்றைப் பார்த்துப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியதுதான். ஆகவே, இந்தக் கரையில் வெகு காலம் புழங்கிய ஒரு முறையைத்தான் நாம் அயலூர்ப் புத்தகத்தின் மூலம் தெரிந்துகொண்டோம். 'கட்டுமரம்' என்ற நம் சொல்லைக் கூட ஆங்கிலத்தில் 'காட்டமரான்' என்று எழுதிப் பார்த்த பிறகுதானே நம்மில் பலர் கௌரவிக்கிறோம்!

* * *

புத்தகத்தை நம்பி மரத்தைத் தொடக் கூடாதென்று காசிமேட்டுக்குப் போனோம். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைப் பழுது பார்க்கும் ஒரு முதிய ஓடாவியை நண்பர் ஒருவர் அறிமுகம் செய்து வைத்தார். ஓடாவி என்பது படகு கட்டும் தச்சருக்குப் பெயர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஒரு படகின் அடிவயிற்றின் கீழ் உட்கார்ந்து, பலகைகளின் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டித் தட்டி உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார். இதற்குக் 'கலப்பத்து' என்று பெயர்.

"இன்னா வாத்தியாரே, படகு கட்டப் போறியாமே?" என்றார். அந்தப் பிரதேசத்தில் எல்லாரையும் எல்லாரும் 'வாத்தியாரே' என்றுதான் அழைப்பார்கள். அன்றைக்கு ஒரு தடவை அது மெய்யாகவே வாத்தியார் மீது விழுந்தது.

நாம் கொண்டு போயிருந்த ஒட்டுப்பலகைத் துண்டை வாங்கி, விரல் கணுவால் தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டார், முகர்ந்து பார்த்தார்.

"இது மரமா? அப்பளத்தை அடுக்கி ஒட்டுன மாதிரி இருக்கு."

தேக்கிலும் அயினியிலும் இழைத்த கை அது, வேறெப்படிச் சொல்லும்? ஆனால் நம் உத்தேசத்தை முழுக்கக் கேட்ட பிறகு அவரே தீர்ப்பை மாற்றிக்கொண்டார். "பலகைப் படகு தண்ணியிலேயே கெடக்கணும். அப்பத்தான் மரம் ஊறி, சந்து மூடிக்கும். ஒன் படகு வருசம் பூரா மொட்டை மாடியில காயப் போவுது. ஒரு நாள்தான் தண்ணியப் பாக்கும். வெயில்ல காஞ்ச பலகைப் படகு வாயைப் பொளந்துக்கும். ஏறுன ஒடனே தண்ணி பூந்துடும். ஒனக்கு இந்த அப்பளந்தான் சரி" என்றார்.

இரண்டு பட்டங்கள் பெற்ற நமக்கு இந்த யோசனை தோன்றவே இல்லை. ஒட்டுப்பலகையில் ஒரு தகட்டின் நார் நெடுக்கே போனால் அடுத்ததன் நார் குறுக்கே போகிறது. ஆகையால் ஒன்று ஊறி விரிய முயன்றாலும் மற்றது இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் காரணம் நமக்குத் தெரியும். காரணம் தெரிந்த நாம் காரியத்தைக் காணவில்லை. காரியம் தெரிந்த ஓடாவி காரணத்தைக் கேட்கவில்லை.

விடைபெறும்போது, "வீட்டு கேட்டு எவ்ளோ அகலம்?" என்று கேட்டார்.

தெரியாது என்றோம்.

"மொதல்ல அதை அள. அப்பறம் படகு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கலப்பத்துக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து அளந்தோம். வாசல் கேட் மூன்றடி ஆறங்குலம். நமது திட்டத்தில் படகின் அகலம் நான்கடி. மாடிப்படியோ இரண்டு இடத்தில் திரும்புகிறது. எட்டடி நீளமுள்ள பொருள் அந்தத் திருப்பத்தில் எந்த விதத்திலும் திரும்பாது என்பதை ஓர் எட்டடி மூங்கிலைக் கொண்டு போய்ப் பரீட்சித்து, சுவரில் காரையைப் பெயர்த்து, ருசுப்படுத்திக்கொண்டோம். முடிவாக, படகை மாடி முன்தளத்திலேயே கட்டுவதென்றும், வேண்டும்போது கயிறு கட்டி நேராகத் தெருத் தண்ணீரில் இறக்குவதென்றும் ஏற்பாடாயிற்று. பழகிப் பார்ப்பதற்காக வெளியே கொண்டு போகும்போது கேட்டில் ஒருக்களித்துச் சாய்த்தால் போய்விடும். படகின் உயரம் பதினாலு அங்குலந்தான்.

* * *

அடுத்தது மரப் பரீட்சை. கடல் உபயோகத்துக்குரிய ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 710 என்று எண். அந்த எண்ணுள்ள பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக் கூடாது என்பது விதி. அந்த எண் பொறித்த துண்டு ஒன்றும், "அதே சரக்குதான் சார், முத்திரை மட்டும் இல்லை" என்று பாதி விலைக்குக் கிடைத்த துண்டு ஒன்றும் வாங்கி வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உபயோகத்திலிருந்து விலக்கப்பட்ட பழைய சாம்பார்ப் பாத்திரத்தில் இரண்டையும் போட்டு அடுப்பில் ஏற்றினோம்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டம்மாள் எட்டிப் பார்த்து, "ஏதோ மூலிகைக் கஷாயமா?" என்று விசாரித்தார். பதினோரு மணிக்கு முத்திரையில்லாத துண்டு ஓரத்தில் உப்பிற்று. பன்னிரண்டு மணிக்குப் பழைய பஞ்சாங்கத்தைப் போல ஏடு ஏடாகப் பிரிந்து பாத்திரத்தில் மிதந்தது. மற்றத் துண்டு அன்று ஆறு மணி நேரமும், அடுத்த ஞாயிறு ஆறு மணி நேரமும் வெந்து, பிறகு மொட்டை மாடி வெயிலில் காய்ந்து, போட்டது போலவே இருந்தது. 72 மணி நேரம் வைக்க நமக்கு ஆசைதான். ஆனால் சமையல் எரிவாயு விஷயத்தில் இறுதி அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது.

பிசினோடு பட்ட பாடு இதைவிடப் பெரிது. எபாக்ஸி என்னும் இந்தப் பிசின் இரண்டு திரவங்களாக வருகிறது. அளவாகச் சேர்த்துக் கலக்கினால் ரசாயன மாற்றம் உண்டாகி இறுகிவிடும். மாற்றத்தின்போது உஷ்ணமும் பிறக்கும். இதையும் நாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆயினும் சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஒரு குவளை நிறையக் கலக்கி வைத்துவிட்டுத் தூரிகையைத் தேடப் போனோம். திரும்பி வருவதற்குள் குவளை புகைந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. உள்ளே குச்சியோடு கல்லாய்ச் சமைந்துவிட்டது. உஷ்ணம் வெளியேற வழியில்லாமல் ஒரே இடத்தில் திரண்டால், அந்த உஷ்ணமே மாற்றத்தை இன்னும் விரைவுபடுத்திவிடுகிறது. அதிலிருந்து, விடியற்காலையில், சிறு அளவில், அகலமான தட்டில் பரப்பி, கையுறை போட்டுக்கொண்டுதான் கலக்குகிறோம். அந்தக் குவளையை வகுப்பறை மேஜையில் காகிதங்களின் மேல் பாரமாக வைத்திருக்கிறோம். பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்விகள் கேட்கிறார்கள்.

* * *

கணக்கு மட்டும் நமக்குச் சுலபம் என்று நினைத்தோம். ஒட்டுப்பலகை எட்டடிக்கு நாலடியாகக் கிடைக்கிறது. ஆகவே படகும் எட்டடி. தட்டையான அடிப்பாகம். அணியம், அதாவது முன்பக்கம், குறுகி வருவதைக் கழித்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 15 லிட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது ஒவ்வொரு 15 கிலோ பாரத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் அமிழும். படகின் எடை 30 கிலோ, இரண்டு ஆட்கள் 120 கிலோ; மொத்தம் 150. பத்து சென்டிமீட்டர் அமிழும். ஓரம் இன்னும் இருபத்தைந்து சென்டிமீட்டர் மேலே நிற்கும். போர்டில் எழுதிக் காட்டிவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அட்டையில் மாதிரிப் படகு செய்து வரச் சொன்னோம். நாமும் ஒன்று செய்தோம்.

வாளித் தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு கோலிக் குண்டாக ஏற்றினோம். நமது படகு முப்பது கோலி தாங்க வேண்டும், கணக்கு அப்படி. பதினோராவது கோலியில் ஒரு பக்கம் சாய்ந்து குப்புறக் கவிழ்ந்தது. கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு பையனுடைய கோணல் மாணலான படகு இருபத்தாறு கோலியைச் சுமந்துகொண்டு நின்றது. வருஷம் முழுவதும் வாய் திறக்காத பையன். எப்படி என்று கேட்டோம்.

"கோலி உருளும் சார். நடுவுல மண்ணு ஒட்டி, அதுல பதிச்சு வச்சேன். பாரம் கீழயும் நடுவுலயும் இருந்தா படகு சாயாது சார்" என்றான்.

மிதக்குமா என்பதற்குத்தான் ஆர்க்கிமிடீஸ் பதில் சொல்கிறார். நிற்குமா என்பது வேறு கேள்வி. மூச்சுத் திணறும் ஒருவரைக் கைத்தாங்கலாய்ச் சிறு படகில் நிற்க வைத்து ஏற்றினால் என்ன நேரும் என்பதை அந்தப் பதினோராவது கோலி நமக்குக் காட்டிவிட்டது. மீனவ இளைஞர்கள் பெரியவரை நாற்காலியோடு கொண்டுவந்து படகின் அடியில் தாழ்வாக வைத்தார்கள் அல்லவா? அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

இதற்கிடையில் நமது சகதர்மிணி ஒரு நிபந்தனை விதித்துவிட்டாள். "நீந்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் பலகைக்குப் பணம்" என்றாள். நாற்பத்தாறு வயதில், அரைக் கால்சட்டையுடன், பொது நீச்சல் குளத்தில் இறங்கினோம். ஆழமில்லாத பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களை உதைத்துக்கொண்டிருந்தபோது, "சார்!" என்று ஒரு குரல் கேட்டது. அதே கடைசிப் பெஞ்சுப் பையன். ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தவன். மீனைப் போல் நீந்துகிறான்.

"உடம்பை விறைச்சுக்காதீங்க சார். மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. தண்ணியே தூக்கும்" என்றான்.

அந்தத் தத்துவத்தை 19 வருஷமாக நாம் சொல்லி வந்திருக்கிறோம். அவன் சொன்ன பிறகு நம்பி, மூச்சை இழுத்து, கையை விட்டோம். தண்ணீர் தூக்கிற்று. இப்போது இருபத்தைந்து மீட்டர் போவோம். அழகாகப் போவோம் என்று சொல்ல முடியாது. அரைப் பரீட்சையில் பையனுக்குப் பௌதிகத்தில் எத்தனை மார்க்கு என்று நேயர்கள் கேட்கக் கூடாது. பரீட்சையின் மேல் நமக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்கிறது.

* * *

படகைப் பற்றி நமக்குப் பெரிய கனவுகள் இப்போது இல்லை. வெள்ளம் ஓடுகிற தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கலாம். சாக்கடை மூடி திறந்திருக்கலாம். மதிற்சுவர் தண்ணீருக்குள் மறைந்திருக்கலாம். ஆற்று வேகத்துக்கு எட்டடிப் படகு ஈடு கொடுக்காது. ஆகவே விதிகள் எழுதி மாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மின்சாரம் நிறுத்தப்பட்டது நிச்சயமாகத் தெரியாமல் படகு இறங்காது. மிதவைச் சட்டை அணியாமல் யாரும் ஏறக் கூடாது. நமது மாடிக் கம்பியிலிருந்து எதிர் மாடிக் கம்பிக்கு மழைக்காலம் முழுவதும் ஒரு வடம் கட்டியிருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போய், அதைப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். நாற்பதடி போகும் படகு இது. அதற்கு மேல் அல்ல.

வடம் கட்டுவதற்கு அனுமதி கேட்க எதிர் வீட்டுக்குப் போனோம். இத்தனை வருஷத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர அந்தப் படியேறியதில்லை. ஏறத் தயக்கம். காரணத்தை நேயர்கள் அறிவார்கள்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மாடியிலே தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது" என்றார். பிறகு உள்ளே அழைத்துக்கொண்டு போய், சுவரோரம் சாத்தியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். தேக்கு ஊஞ்சல் பலகை. ஐந்தடி நீளம், ஒன்றரையடி அகலம்.

"அவர் சாயங்காலம் இதிலேதான் உட்காருவார். அந்த வெள்ளத்திலே சங்கிலியிலிருந்து கழன்று கூடத்திலே மிதந்துகொண்டிருந்தது. அப்புறம் மாட்ட மனசில்லை. உங்கள் படகுக்கு ஏதாவது பிரயோஜனப்படுமா?"

நமக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பேச்சு வந்தபோது, உபாத்தியாய புத்தியால் எடையைப் பற்றிப் பேசினோம். முழுப் பலகை சுமார் 17 கிலோ இருக்கும். படகை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்த்திவிடும். குறுக்கு ஆசனத்துக்குப் பாதி அகலம் போதும். அரை சென்டிமீட்டரோடு போய்விடும். ஆனால் அதற்குப் பலகையை நெடுக அறுத்தாக வேண்டும். பெரியவர் உட்கார்ந்த பலகையை அறுப்பதற்கு நமக்குக் கை வராது என்றோம்.

"அறுங்கள். மிச்சப் பாதியை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாசலிலே போட்டு உட்காருவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பலகையைக் கூடத்தில் கிடத்தினோம். நமது சகதர்மிணி வெகு நேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விலைக்கு வாங்கினால் என்ன?" என்று அவள் கேட்டு எத்தனையோ மாதமாகிறது, அதற்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு அவளாகவே பீரோவைத் திறந்து ஒட்டுப்பலகைக்கான பணத்தை எண்ணி வைத்தாள். மூன்று தாள், 710 முத்திரையுடன்.

வருகிற சனிக்கிழமை காலையில் முதல் அறுப்பு. மூலைமட்டம் வைத்துத் தேக்குப் பலகையின் நடுவே பென்சில் கோடு போட்டாகிவிட்டது. கோடு கோணலாக இருக்கிறதென்று காசிமேட்டு ஓடாவி டெலிபோனில் படம் பார்த்துச் சொன்னதன் பேரில், அழித்துவிட்டு மறுபடியும் போட்டிருக்கிறோம். ரம்பத்தை நாம் பிடிக்கிறோம். பலகையின் மறு நுனியைத் தாம் வந்து பிடித்துக்கொள்வதாக எதிர் வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறார்.